அப்பாவின் தோக்கும் பாட்டாவின் தகரப் பெட்டியும்

வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்து, அந்த உரிமத்தை வைத்திருந்தவர் இறந்துபோனால், மறுநாளிலிருந்து அந்த வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைவிட முக்கியமாக, துப்பாக்கியோடு சேர்ந்து பழைய தோட்டாக்களும், அவற்றில் நிரப்பும் வெடிமருந்தும், அடி பட்டதும் வெடித்து அந்த மருந்தைப் பற்றவைக்கும் கேப்புகளும் கிடைத்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லவும் ஆள் இல்லை. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகவே அலைந்து முடிக்க வேண்டியிருந்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் இப்படி ஒரு பழைய தோக்கு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது என்பதால், நான் பட்ட பாட்டை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் நிலம் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே ரப்பர், கீழே மரச்சீனியும் வாழையும். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் மரச்சீனி விளை முழுவதையும் உழுதுபோட்டுப் போய்விடும் என்பதால், பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா ஒற்றைக் குழல் 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியிருந்தார். அவர் அதைச் சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார், அந்த ரசீதுகளை ஒன்று விடாமல் ஒரு கோப்பில் கோத்துவைப்பார். அந்தப் பழக்கம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

அப்பாவின் பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த பிறகு, நிலப் பத்திரங்களைத் தேடி மச்சில் ஏறினேன். பத்தாயத்துக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடிய ஒரு தகரப் பெட்டி இருந்தது. பாட்டாவின் பெட்டி அது என்று அம்மா சொன்னார். திறந்தபோது மேலே பச்சைக் களிம்பு பிடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், வட்டமாக வெட்டிய அட்டைத் துண்டுகள், ஒரு மரக் குத்துக்கோல், தகரத்தில் செய்த சின்ன அளவைக் கரண்டி, துணிப் பையில் ஈய ரவை இருந்தன. அடியில் பழைய சிகரெட் டப்பா ஒன்றும், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் இருந்தன. பாட்டிலில் முக்கால் வாசி கருநிறப் பொடி. அதன் மேல் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்கவில்லை. மூடியின் விளிம்பில் துரு ஏறி, புரிகளுக்கிடையில் அந்தப் பொடியின் மணிகள் ஒட்டிக்கொண்டு நின்றதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பாட்டா தன் காலத்தில் தோட்டாவைத் தானே நிரப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் வாலிபராக இருந்தபோது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்தவை அவ்வளவு பழையவை.

எனக்குக் கை நடுங்கியது. அம்மா படுத்திருக்கும் அறைக்கு நேர் மேலே இத்தனை வருடங்களாக இது இருந்திருக்கிறது என்ற நினைப்பே உறக்கத்தைக் கெடுத்தது. உறவினர்களிடம் ஆலோசனை கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஆற்றில் போடு என்றார் ஒருவர், விளையில் குழி தோண்டிப் புதை என்றார் இன்னொருவர். பொடியைத் தீ வைத்துவிட்டால் ஒரே நொடியில் தீர்ந்துவிடும் என்றும் ஒருவர் சொன்னார். ஒரு மச்சான் முறையுள்ளவர் மட்டும், பித்தளைக் கூடு நல்ல உருப்படி, துடைத்து மருந்து நிரப்பினால் கடைத் தோட்டா வாங்கும் காசு மிச்சம் என்று சொல்லி, பெட்டியையே கேட்டார். இவற்றில் எதையும் செய்யாமல் இருந்ததுதான் நான் எடுத்த முதல் சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி கிடைத்தால் ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் யாரும் பிறகு காவல் நிலையத்துக்கு உங்களோடு வரமாட்டார்கள்.

எனக்குத் தெளிவு தந்தவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் ஒரு முன்னாள் இராணுவத்தினர். படையின் ஆயுதக் கிடங்குப் பிரிவில் வேலை பார்த்தவர். நான் மாமா என்று அழைப்பேன். போனில் விவரம் சொன்னதும் அவர் குரல் மாறியது. “மக்கா, நீ அந்தப் பெட்டிய இருந்த எடத்திலேயே வச்சிட்டு வெளிய வா. பாட்டில் மூடியத் தொறந்து பாக்காண்டாம். டப்பாவயும் குலுக்காண்டாம்” என்றார். காரணத்தைப் பிறகு நேரில் வந்து விளக்கினார். கரிமருந்து, அதாவது பழைய காலக் கறுப்பு வெடிமருந்து, பல பத்தாண்டுகள் கழிந்தாலும் உயிரோடுதான் இருக்கும். ஒரு சிறு பொறியோ உராய்வோ போதும். மூடியின் புரியில் ஒட்டியிருக்கும் மணிகளே திருகும்போது பற்றக்கூடும். சிகரெட் டப்பாவில் இருந்தவை கேப்புகள். பழைய கேப்புகளில் பாதரசம் கலந்த வெடிப்பொருள் இருக்கும், அடி பட்டால் வெடிப்பதற்கென்றே செய்தவை அவை. ஒரே டப்பாவில் மொத்தமாகக் கொட்டிவைத்தால் ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வரும் கேப்புகள் ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனிக் குழிகள் உள்ள அட்டைப் பெட்டியில் வருகின்றன. அந்தப் பெட்டியை விட்டு அவற்றை வேறு எதிலும் மாற்றக் கூடாது.

பொடியைப் பற்றி அவர் சொன்னது என் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கரிமருந்தும், பின்னால் வந்த வலு கூடிய புகையில்லா மருந்தும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் கரிமருந்தை அளக்கும் கரண்டியால் அதே அளவு புகையில்லா மருந்தை அள்ளிப் போட்டால், குழல் தாங்காமல் பிளந்து, பிடித்திருப்பவரின் கையையும் முகத்தையும் கொண்டுபோய்விடும். ஆகவே பெயர் எழுதாத பாத்திரத்தில் இருக்கும் மருந்து, எவ்வளவு அனுபவசாலிக்கும் பயன்படாத மருந்துதான். நிறத்தையோ மணத்தையோ வைத்து அதன் வகையை ஊகிப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். புகையில்லா மருந்து கெட்டுப்போனால் புளித்த அமில வாடை வரும், துருப் பொடி போன்ற செந்தூள் படியும், சில நேரம் தானாகவே சூடேறிப் பற்றவும் செய்யும் என்பதையும் அவர்தான் சொன்னார். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கும் நம் மாவட்டத்தில், கோடையில் ஓடு காயும் மச்சைவிட மோசமான இடம் இதற்குக் கிடையாது.

தோட்டா நிரப்புவது இந்த அளவுக்கு ஆபத்தென்றால் மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். அமெரிக்காவில் அது சட்டப்படி வீட்டிலேயே நடக்கும் வேலை. அதைச் செய்பவர்களின் ஒழுங்கைப் பற்றி மாமா சொன்னதைக் கேட்டபோது, பாட்டாவின் பெட்டியில் எதெல்லாம் இல்லை என்று எனக்கு வரிசையாகத் தெரிந்தது. மேசையின் மேல் ஒரே ஒரு வகை மருந்துதான் இருக்கும். வேலை முடிந்ததும் மீதி மருந்து அதன் சொந்த டப்பாவுக்கே திரும்பிப் போகும். அளவு என்பது மருந்து தயாரிப்பாளர் அச்சிட்ட பட்டியலில் உள்ள எடை, அதுவும் மேல் வரம்பிலிருந்து அல்ல, கீழிருந்து தொடங்க வேண்டும். யாரோ ஒருவர் வாய்வழியாகச் சொன்ன அளவு கணக்கில் வராது. தராசை ஒவ்வொரு முறையும் எடைக்கல் வைத்துச் சோதிப்பார்கள். மருந்து போட்ட கூடுகளைக் குழிப் பலகையில் நிறுத்தி, மேலே விளக்கைப் பிடித்து, எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படிக்குப் போவார்கள். ஒன்றில் இரட்டை அளவு விழுந்திருந்தால் துப்பாக்கி வெடிக்கும். ஒன்றில் மருந்தே விழாமல் போயிருந்தால் கேப்பின் வலுவில் மட்டும் குண்டு நகர்ந்து குழலின் நடுவில் சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டாலும் துப்பாக்கி வெடிக்கும். அதனால் சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அத்தோடு நிறுத்தி, குழலைத் திறந்து பார்க்காமல் மறு தோட்டா போடக் கூடாது.

இதில் இடையூறுதான் பெரிய எதிரி. குழம்பு கொதிக்கும்போது யாராவது கூப்பிட்டுத் திரும்பி வந்தால் உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும். அங்கே நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், இங்கே முடியாது. ஆகவே தொலைக்காட்சி கிடையாது, கைபேசி அடுத்த அறையில் இருக்கும், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. நடுவில் எழ நேர்ந்தால், கையில் இருந்த கூட்டின் மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு அந்தப் படியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். களைப்பிலும் கோபத்திலும் மது குடித்துவிட்டும் அந்த மேசைக்கு முன் உட்காரக் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையால் எதையும் சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முடித்த ஒவ்வொரு தொகுதியின் மேலும் தேதி, மருந்தின் பெயர், எடை, குண்டின் வகை என எல்லாவற்றையும் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாத தோட்டா, அதைச் செய்தவருக்கே அந்நியத் தோட்டா. பாட்டா கவனமான மனிதர்தான் என்று அம்மா சொல்கிறார். அவர் கவனமெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது, ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இறங்கவில்லை என்பதுதான் எங்களுக்கு வந்த கஷ்டம்.

நம் நாட்டில் இந்தக் கவனங்கள் எல்லாம் இருந்தாலும் வீட்டில் தோட்டா நிரப்ப முடியாது என்பதை மச்சான் முறையுள்ளவருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி ஆயுதமும் தோட்டாவும் தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரையும் போகலாம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கே குறைந்தது 2 ஆண்டு. இதைக் கேட்டபின் அவர் பெட்டியைக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

பாட்டாவின் பெட்டியைத் தவிர, அப்பாவின் அலமாரியில் கடையில் வாங்கிய தோட்டாக்களும் இருந்தன. அவற்றில் சில காகித உடல் கொண்ட பழையவை. ஈரம் ஏறி வீங்கியிருந்தன. வீங்கிய தோட்டாவைத் துப்பாக்கியில் திணிப்பதும், உள்ளே இருப்பதை எடுக்க வெட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாதது. 12 போர் துப்பாக்கிகளில் பழையவற்றின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும், பின்னால் வந்தவற்றின் அறை 70 மில்லிமீட்டருக்கும் செய்யப்பட்டவை. நீளமான தோட்டா குறுகிய அறைக்குள் போய்விடும், ஆனால் அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். அதைவிட ஆபத்து, 12 போரைவிட மெல்லிய 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று உள்ளே தங்கிவிடுவது. குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். அப்பாவின் தோட்டாக்களுக்கிடையில் அப்படி ஒரு மஞ்சள் தோட்டா இருந்தது. எப்படி வந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இனி காகித வேலை. உரிமம் பெற்றவர் இறந்ததும் அந்த உரிமம் அவரோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர் உரிமமில்லாமல் வைத்திருப்பவரே. ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்துவிட்டால் பொருள் கைவிட்டுப் போய்விடும் என்று எங்கள் உறவினர்கள் பயமுறுத்தினார்கள், அது உண்மையில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் வாரிசு உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். அந்தக் காலத்தைத் தவறவிட்டால்தான் மாவட்ட ஆட்சியர் அதை அரசுடைமையாக்க உத்தரவிட முடியும்.

நான் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகாமல் முதலில் தக்கலையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். துப்பாக்கி பரவாயில்லை, பெட்டியில் இருந்த மருந்துதான் பயம் தந்தது. தானாகப் போய்ச் சொல்பவளையே குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்று இரவெல்லாம் யோசித்தேன். அவர் ஒரு கடிதம் தயாரித்துத் தந்தார். யார் இறந்தார், எப்போது இறந்தார், என்ன எங்கே கண்டெடுக்கப்பட்டது, யாரும் அதைத் தொடவில்லை, அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்பதெல்லாம் அதில் இருந்தன. இரண்டு நகல்களில் ஒன்றில் நிலைய முத்திரை வாங்கி வரச் சொன்னார். இந்தக் கடிதத்துக்குக் கொடுத்த பணம்தான் எல்லாச் செலவிலும் உருப்படியான செலவு. பெட்டியை நாங்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை. பேருந்திலோ காரிலோ அதைக் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்காதீர்கள். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்து, அம்மாவையும் அடுத்த வீட்டாரையும் வெளியே நிறுத்திவிட்டு எடுத்துச் சென்றார்கள். ஊரே கூடி நின்று பார்த்தது. அந்தக் கூச்சத்தையும் தாங்கத்தான் வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் அம்மாவிடம் “பயப்படாதீங்க அம்மா, சொன்னதுதான் நல்லது” என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

துப்பாக்கியை ஒப்படைத்தபோது முதலில் கிடைத்த ரசீதில் “துப்பாக்கி ஒன்று” என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அப்படி வாங்கிக்கொண்டு வராதீர்கள். தயாரித்த நிறுவனம், எண், எத்தனை குழல், எத்தனை போர், மரப்பகுதியின் நிலை, தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை எழுத்தில் வர வேண்டும். நான் நின்று கேட்டு மாற்றி எழுதி வாங்கினேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் வெளிப்பட்டது. குழலில் பொறித்திருந்த எண்ணில் 3 இருந்த இடத்தில், கையால் எழுதிய பழைய உரிமப் புத்தகத்தில் 8 என்று இருந்தது. கணினிப் பதிவிலும் அதே 8 ஏறியிருந்தது. இது வேறு துப்பாக்கி என்று ஒரு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மேசைக்கு மேசை அனுப்பினார்கள், விடுப்பில் இருக்கிறார் என்றார்கள், வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் கையெழுத்து வருவதற்கே பருவம் மாறிவிட்டது. பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து எடுத்துத் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாகிவிட்டது. வழக்கறிஞர், நோட்டரி, நாகர்கோவிலுக்குப் பயணம், பிடித்தம் செய்யப்பட்ட சம்பளம் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்தத் துப்பாக்கியை விற்றால் அவ்வளவு வராது.

கடைசியில் வழி திறந்தது அப்பாவின் தேர்தல் கோப்பால். பல தேர்தல்களின் ஒப்படைப்பு ரசீதுகளில், துப்பாக்கியை நேரில் பார்த்து எழுதிய காவலர்கள் எல்லோரும் 3 என்றே எழுதியிருந்தார்கள். அவற்றின் நகல்களை விளக்கக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்த பிறகு பதிவைத் திருத்தினார்கள். ஆகவே உரிமம் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே, இன்றைக்கே, குழலில் உள்ள எண்ணையும் புத்தகத்தில் உள்ள எண்ணையும் கணினிப் பதிவில் உள்ள எண்ணையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் இருக்கும்போது ஒரு மனுவில் முடியும் திருத்தம், அவர் இல்லாதபோது எங்களை எவ்வளவு அலைக்கழித்தது என்று பார்த்தீர்கள் அல்லவா. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இன்னொரு வழியும் உண்டு: உரிமம் பெற்றவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே சட்டப்படியான வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த விதி தெரிந்திருக்கவில்லை.

அண்ணனுக்கு ஊருக்குத் திரும்பும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, எனக்கும் தோக்கு வேண்டாம். உரிமம் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறார். அதற்கான அனுமதி மனு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. மனுவோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அண்ணனும் அம்மாவும் தந்த ஆட்சேபனையின்மைக் கடிதம், உரிமப் புத்தகத்தின் அசல், ஒப்படைப்பு ரசீது ஆகியவற்றைக் கேட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவரின் கடிதத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று வேண்டும் என்பதால், அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அந்தக் கடிதத்தை முதலிலேயே வரவழைத்துக்கொள்ளுங்கள்; எங்களுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது அதுதான்.